மீன் வளர்ந்த பாத்டப்

எந்தக் கறைக்கு எதைப் பூசுவது என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அது போத்தலிலேயே எழுதியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தால் போதும். வீடுகளுக்குப் போய்த் துப்பரவு செய்யும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். போத்தலில் எழுதாத ஒரு சங்கதியைத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கழுவப் போகிற ஒவ்வொரு பாத்டப்புக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் நிற்கும். அந்தக் குடும்பம் உங்களிடம் பொய் சொல்லும்.

பாசிக்குடாவில் ஹோட்டல் அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இது தெரியாது. அங்கே டப்பில் கறை இருந்தால் அது யாருடைய கறை என்ற பேச்சே எழாது. வந்தவர் போய்விடுவார், நாங்கள் கழுவுவோம். ஒரு வெள்ளைக்காரர் கடற்கரை மணலில் பாதியை உள்ளே கொண்டுவந்து கொட்டிவிட்டு, டப் அடைத்துக்கொண்டது என்று எங்களிடமே வந்து முறையிட்டார். மன்னிப்புக் கேட்டு மணலை அள்ளினோம். வெட்கம் என்ற பொருள் அங்கே எந்தப் பக்கமும் கிடையாது.

வீட்டு டப் அப்படி இல்லை. நம் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் ஆசைப்பட்டு வீட்டில் டப் வைப்பார்கள். வந்த புதிதில் எல்லோரும் ஒருமுறை படுத்துப் பார்ப்பார்கள். பிறகு கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றுகிற சுகம் இதில் இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். அதற்குப் பிறகு அந்த டப்புக்கு எந்த வேலை கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாங்கேணியில் ஒரு வீட்டு டப்பில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. கல்குடாவில் ஒன்றில் மீன்வலை ஊறிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டிக்கும் ஓர் இடம் வேண்டுமே.

ஓட்டமாவடி வீட்டுக்கு வருகிறேன்.

அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் பரீதா. கல்யாணமாகிச் சில வருடங்கள். கணவன் நிஸ்தார் கட்டாரில் வேலை. அந்தப் பக்கத்து முறைப்படி வீடு பெண்ணுக்குக் கொடுத்த வீடு, ஆகவே பரீதாவின் தாய் சல்மா உம்மாவும் கூடவே இருந்தார். போன முறை லீவில் வந்தபோது நிஸ்தார் அந்த வீட்டுக் குளியலறையில் வெள்ளை வெளேரென்று ஒரு பாத்டப் வாங்கி வைத்தான். மேலே தண்ணீர்த் தாங்கி வைத்து, குழாய் பொருத்தி முடிப்பதற்குள் லீவு முடிந்துவிட்டது. அதில் ஒருநாளும் குளிக்காமலே விமானம் ஏறினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் மனைவியின் சுகத்தைக் கேட்டு, மாமியின் சுகத்தைக் கேட்டு, மூன்றாவதாக டப்பின் சுகத்தையும் கேட்பானாம்.

டப் சுகமாகத்தான் இருந்தது. கரண்ட் போகும் நாட்களுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க உதவியது. நோன்பு காலத்தில் தேங்காய் அடுக்க உதவியது. கம்பளி ஊறவைக்க உதவியது. கடைசியாக, குளத்து விரால் மீனை உயிரோடு வாங்கி விட்டு வளர்க்க உதவியது. கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். எல்லாமாகச் சேர்ந்து டப்பின் உள்சுவரில் தேயிலைச் சாயத்தில் ஒரு வளையமும், அடியில் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறமும் பிடித்துக்கொண்டன. இத்தனையும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நிஸ்தார் சொன்ன நாளுக்கு முன்னதாகவே லீவு கிடைத்து, வீட்டாரை மகிழ்விக்க நினைத்து, விடியற்காலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வேனில் ஏறிய பிறகுதான் அழைத்துச் சொன்னான். வீடு மகிழவில்லை. பரீதா உடனே என்னை அழைத்தாள்.

நான் போனபோது அவள் வாசலிலேயே நின்றாள். குளியலறைப் பக்கம் கூட்டிப் போகாமல் முன் அறையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். தேநீர் கொடுத்து உட்காரவைக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"தங்கச்சி, இதுவரைக்கும் டப்புக்கு என்னத்தையும் ஊத்திப் பாத்தீங்களா?"

"ஒண்டும் ஊத்தல்ல அக்கா. சும்மா சவர்க்காரத் தண்ணி மட்டுந்தான்."

அவள் ஊற்றியிருந்தது சவர்க்காரத் தண்ணீர் அல்ல. ஒரு போத்தல் குளோரினை அப்படியே கவிழ்த்து, ஊறட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் கதிரையில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியாள் வந்து பார்ப்பதற்குள் கறை கொஞ்சமாவது இளகிவிட்டால் மானம் தப்பும் என்பது அவள் கணக்கு. தாய்க்கு இது தெரியாது. தாய்க்கு வேறொரு கணக்கு. மகள் முன் அறையில் என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, கழிவறைக்கு ஊற்றுகிற அசிட் போத்தலை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு சல்மா உம்மா பின்வழியால் உள்ளே போயிருக்கிறார். ஒரே ஊற்றில் வளையத்தைத் தூக்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

நான் தேநீரை இரண்டாவது முறை வாயில் வைத்தபோது இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. மூச்சு இழுக்க முடியாமல் இழுக்கிற இருமல். கூடவே ஒரு நெடி வந்தது. ஹோட்டலில் ஒருமுறை அந்த நெடியை முகர்ந்திருக்கிறேன், பிறகு மறந்ததில்லை. குளோரினும் அசிட்டும் சேர்ந்தால் கிளம்புகிற புகை அது. கண்ணைக் கரிக்கும், நெஞ்சைப் பிடிக்கும், சின்ன அறைக்குள் ஆளையே விழுத்திவிடும்.

போய்ப் பார்த்தால் சல்மா உம்மா டப்பின் மேல் குனிந்தபடி நிற்கிறார். கையில் இன்னும் போத்தல். இருமிக்கொண்டே மிச்சத்தையும் ஊற்றப் பார்க்கிறார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு போய் அவருடைய மேல்கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். போத்தல் தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கவில்லை. பின் வளவில் காற்றோட்டமான பக்கமாக அவரை உட்காரவைத்து, பரீதாவிடம் வீட்டு யன்னல் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னேன். வெளியில் நின்றபடியே குளியலறை யன்னலைத் தடியால் தள்ளித் திறந்தேன். உம்மாவின் கண்ணையும் முகத்தையும் கிணற்றுத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினோம்.

அங்கேதான் நிலைமை சூடுபிடித்தது. உம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் சீரானதும் அவர் எழும்பி மறுபடியும் குளியலறைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். ஏன் என்று கேட்டால், "விரால்" என்றார்.

"என்ன விரால்?"

அப்போதுதான் விரால் கதை வெளியே வந்தது. டப்பைக் காலி செய்வதற்காக அன்று காலை மீன்களை எல்லாம் ஒரு பெரிய வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் குளியலறை மூலையிலேயே வைத்திருந்தார்கள். மருமகனுக்கு விரால் ஆணம், அதுதான் மீன் குழம்பு, என்றால் உயிர். அவனுக்கென்றே வளர்த்த மீன்.

"உம்மா, மீன் கிடக்கட்டும். நீங்க இருங்க."

"நாலு நிமிசத்தில தூக்கிட்டு வந்திருவன் புள்ள."

"அந்தப் புகை தாழத்தான் கிடக்கும். வாளியத் தூக்கக் குனிஞ்சா உங்களத் தூக்க நான் வரணும். என்னத் தூக்க ஆர் வாற?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போதும் இந்தப் பருத்த உடம்புதான். யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

இன்னொரு பக்கம் பரீதா. அவளுக்குத் தாய் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த அந்த நிமிடத்திலேயே டப் நினைவுக்கு வந்துவிட்டது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீரைத் திறந்து விடுகிறேன், அவர் வேனில் வந்துகொண்டிருக்கிறார், இந்த நெடியோடு வீட்டுக்குள் எப்படிக் கூப்பிடுவது என்று ஒரே துடிப்பு. மூக்கில் கட்டுகிற துணி இந்தப் புகையை நிறுத்தாது. நான் பின்கதவில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றேன். கழுவுவதற்காகக் கூப்பிட்ட ஆள் கழுவ விடாமல் வாசலை மறித்து நிற்கிறாள். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் மிகவும் கஷ்டம். கை சும்மா இருக்காது. இன்னொன்றை ஊற்றிப் பார்க்கலாமா, கொஞ்சம் சோடா போட்டால் அடங்குமா என்று புத்தி கேட்டுக்கொண்டே இருக்கும். ஊற்றாதீர்கள். காற்று தன் வேலையைச் செய்யட்டும். நீங்கள் ஆட்களைப் பாருங்கள். உம்மாவின் இருமல் குறைகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, கதைக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கூடினால் அடுத்த ஓட்டோவில் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். ஆஸ்பத்திரி என்றதும் இருமல் பாதியாகக் குறைந்தது. மீதியும் மெதுவாக அடங்கியது. அதற்குப் பிறகும் நெஞ்சு இறுக்கமாக இருந்தால் போய்க் காட்ட வேண்டும் என்று பரீதாவிடம் தனியாகச் சொன்னேன்.

இதற்கிடையில் தொலைபேசி அடித்தது. பரீதா திரையைப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனாள். அதை என் கையில் திணித்துவிட்டாள்.

அந்தப் பக்கம் வேன் சத்தம். பாதி வழி தாண்டிவிட்டேன் என்று ஒரு சந்தோஷமான குரல் சொன்னது. நான் ஓம் என்றதும், மறுகுரல் வேறாக இருப்பதை உணர்ந்து யார் என்று கேட்டது.

"வீட்டுத் துப்பரவுக்கு வந்த அக்கா, தம்பி. உம்மாவுக்கு ஒரு இருமல் வந்திச்சு, பரீதா பக்கத்தில நிக்கிறா."

மாமிக்கு என்ன என்று பதறினான். இப்போது பரவாயில்லை, உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். ஆறுதலாக ஒரு மூச்சு விட்டான். பிறகு கொஞ்சம் தயங்கி, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டான்.

"அக்கா, பாத்டப் எப்புடி இருக்கு?"

இரண்டு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். அது பொய், இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அவனே கண்ணால் பார்த்துவிடுவான். நாசமாகிவிட்டது என்று சொல்லலாம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தச் செய்தி அந்த வீட்டுக்குச் சொந்தமானது.

"ஆக்கள் எல்லாரும் நல்லா இருக்காங்க, தம்பி."

"நான் டப்பக் கேட்டன் அக்கா."

"டப்ப நீங்க வந்து பாத்து எனக்குச் சொல்லுங்க."

அவன் சிரித்துவிட்டான். என்னமோ நடந்திருக்கிறது என்று விளங்கிய சிரிப்பு அது.

நெடி முற்றாகப் போன பிறகுதான் உள்ளே போனேன். முதலில் வாசலில் நின்று முகர்ந்து பார்த்தேன், பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு வெளியே வந்தேன், பிறகு மறுபடியும் போனேன். மேலே தாங்கியில் இருந்த தண்ணீர் முழுவதும் அந்த டப் வழியாக ஓடியது. விரால்கள் செத்துப்போயிருந்தன. அவற்றை ஆணமாக்க முடியாது என்று சொன்னபோதுதான் சல்மா உம்மா முதன்முறையாகக் கண்ணீர் விட்டார். தன் உயிர் போகப் பார்த்ததற்கு அழாத பெண், தென்னையடியில் மீனைப் புதைக்கும்போது அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, முட்டைதான் பொரிக்க வேண்டும் என்று குசினிக்குப் போனார்.

டப்பை நான் கழுவிய கதை ஒன்றும் பெரிதில்லை. அப்பச்சோடா, தேசிக்காய்ச் சாறு, பழைய பருத்தித் துணி, பொறுமை. ஒன்றை முழுவதும் கழுவிய பிறகுதான் அடுத்தது. வளையம் போய்விட்டது. பெயர் சொல்ல முடியாத நிறமும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அடியில், உம்மா அன்று காலை பாத்திரம் தேய்க்கிற கம்பித் தும்பால் தேய்த்த இடத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மினுக்கம் செத்துக் கிடந்தது. அழுக்கு என்றால் எடுக்கலாம். அது காயம். மினுக்குகிற மருந்து வாங்கி வந்து ஆறுதலாகத் தேய்த்தால் கொஞ்சம் ஆறும், ஆனால் அன்றைக்கு முடியாது.

பரீதா ஒரு ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்தாள். அதை அந்த இடத்தில் சரியாகப் போட்டால் தெரியாதாம். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். விரிப்புப் போடுவதா வேண்டாமா என்பது துப்பரவு வேலை அல்ல. அவள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டபோது விரிப்பு அவள் கையில்தான் இருந்தது.

நிஸ்தார் மெலிந்த ஆள். பெட்டிகளை இறக்கக்கூடப் பொறுக்காமல் முதலில் மாமியிடம் போய்ச் சுகம் விசாரித்தான். அதில் எனக்கு அவன்மேல் ஒரு மதிப்பு வந்தது. பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். பிறகு குளியலறை வாசலில் வந்து நின்றான். நாங்கள் மூன்று பெண்களும் பின்னால் வரிசையாக நின்றோம். பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

அவன் குனிந்து அந்த மங்கிய இடத்தை விரலால் தடவினான்.

"இது என்ன?"

பரீதா வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் சல்மா உம்மா பேசிவிட்டார்.

"நான் தேச்சது, மருமகன். கம்பித் தும்பால. அசிட்டும் ஊத்தினன். அதுக்கு முன்னுக்கு..." கொஞ்சம் நின்றார். "அதுக்கு முன்னுக்கு அதில மீன் வளத்தன். விரால்."

நிஸ்தார் டப்பைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான்.

"மீனுக்கு வசதியா இருந்திச்சா மாமி?"

உம்மா அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்துப் பதில் சொன்னார்.

"ஓம். நல்லாக் கொழுத்திச்சு."

அவன் டப்பின் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். பரீதாவும் சிரித்தாள், அவளுடைய சிரிப்பில் பாதி அழுகை. உம்மா மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல் முட்டை கருகுகிறது என்று குசினிக்குத் திரும்பினார்.

குளிக்கப் போகிறேன் என்று குழாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. தாங்கித் தண்ணீரை எல்லாம் நான் ஓடவிட்டிருந்தேன். மோட்டரைப் போடப் போனால் கரண்ட் இல்லை. வேறு வழியில்லாமல் கிணற்றில் அள்ளி வாளி வாளியாகக் கொண்டுவந்து நிரப்பினோம். அவனும் அள்ளினான், பரீதாவும் சுமந்தாள், நானும் என் பங்குக்குச் சுமந்தேன். சுமந்துகொண்டே அவன் கதைத்தான். கட்டாரில் அவர்கள் தங்குகிற இடத்தில் குளிக்கப் போனால் வெளியே ஆட்கள் காத்துக்கொண்டு நிற்பார்களாம். சவர்க்காரம் போடுவதற்குள் கதவில் தட்டத் தொடங்குவார்களாம். ஒருநாளாவது கதவில் யாரும் தட்டாமல், எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த டப்பை வாங்கினானாம். பரீதா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். இதை அவன் அவளிடம் அதற்கு முன் சொன்னதில்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

சாரனை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் வெளியே இருந்தோம். தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. நல்ல அமைதி.

வேலை முடிந்த வீட்டில் நிற்கக் கூடாது. எவ்வளவு தேநீர் தந்தாலும், எவ்வளவு சிரித்துப் பேசினாலும் சரி, உங்கள் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அந்த வீட்டு மிச்சம் அவர்களுடையது. நான் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து நிஸ்தாரின் குரல் வந்தது.

"பரீதா, நிக்கிறியா?"

"நிக்கிறன். என்ன வேணும்?"

"ஒண்டும் வேணாம்."

நான் தெருப்பக்கம் இருந்த படலைக் கதவை நோக்கி நடந்தேன். மறுபடியும் அவன் குரல் கேட்டது. இப்போது கொஞ்சம் வெட்கப்பட்ட குரல்.

"ஒருக்காக் கதவத் தட்டு புள்ள. ஒரேயடியாச் சத்தமில்லாம இருக்கு."

அவள் தட்டுகிற சத்தம் எனக்குப் படலை வரைக்கும் கேட்டது.